எழும்பூரா, தஞ்சாவூர் கலைக்கூடமா?

சோழர் காலச் செப்புத்திருமேனி, அதாவது உலோகத்தில் வார்த்த சாமி சிலைகள், பார்க்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, எங்கே போவது என்று கேட்டால் நான் தஞ்சாவூர் என்றுதான் சொல்வேன்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது, பெரியது, எல்லாமே இருக்கும். ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபியிலிருந்து வந்த சிற்பங்களுக்காகவே ஒரு தடவை போகலாம். அந்தச் சுண்ணாம்புக்கல் பலகைகளில் ஒரு பகுதி லண்டனுக்குப் போய்விட்டது, மீதியில் பெரும்பங்கு இங்கே இருக்கிறது. செப்புத்திருமேனிக் கூடத்தில், சீர்காழி பக்கத்துத் திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரரைத் தவறவிடாதீர்கள். சிவன் பக்கம் இரண்டு கை, அம்மன் பக்கம் ஒரே கை, இடுப்பு வளைவு பாதியில் மாறுவது கண்ணுக்கே தெரியாது.

தஞ்சாவூர்க் கலைக்கூடம் 1951இல் அரண்மனைக்குள் தொடங்கியது. அளவில் சிறியது, ஆனால் அதே திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர், அதாவது காளை வாகனத்தோடு நிற்கும் சிவன், இங்கேதான் இருக்கிறார். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். சடையைத் தலைப்பாகை மாதிரி சுற்றியிருக்கிறார், காலை மாற்றி வைத்து, காளைமேல் கை ஊன்றியபடி நிற்கிறார். காளை இல்லை, காணாமல் போய்விட்டது, ஆனாலும் அந்தக் கையைப் பார்த்தால் காளையின் உயரம்கூட நமக்குத் தெரிந்துவிடும். பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள், முன்னால் நின்றால் பாதி அழகுதான். அப்புறம் பக்கத்து மண்டபத்தில் வெள்ளைப் பளிங்கில் சரபோஜி மன்னர், கூப்பிய கையோடு.

ஒரே ஊர்ச் சாமிகள் இப்படி இரண்டு ஊரில் பிரிந்து நிற்பதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் மட்டும் எழும்பூர்.