வினையூக்கி உணரியா, அகச்சிவப்பு உணரியா: பராமரிப்பை வைத்து ஓர் அலசல்

எரியும் வாயுக் கசிவைக் கண்டறியும் கையடக்கக் கருவி வாங்குவோர் விலையையும் துல்லியத்தையும் ஒப்பிடுகிறார்கள். வாயுவை உணரும் பாகமான உணரி செயலிழந்தால் கருவி அதை நமக்குச் சொல்லுமா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

வினையூக்கி உணரிக்குள் பிளாட்டினம் கம்பிச் சுருளைப் பொதிந்த, எரிதலைத் தூண்டும் வினையூக்கி சேர்த்த சிறு மணி ஒன்று சூடாக இருக்கும். வாயு அதன்மேல் எரியும்போது கம்பியின் மின்தடை உயர்ந்து, அந்த உயர்வு திரையில் எண்ணாக வரும். அருகில் சிலிக்கோன் கலந்த ஸ்பிரேயோ பாலிஷோ பயன்படுத்தினால், அதன் ஆவி மணியில் படிந்து வினையூக்கியை மெல்லச் சாகடித்துவிடும். அப்போதும் கருவி ஓடும், திரை பூஜ்யம் காட்டும். தூய காற்றில் நல்ல கருவி காட்டுவதும் அதே பூஜ்யம்தான். அதனால், ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் அளவு தெரிந்த சோதனை வாயுவைக் காட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மீத்தேன் காற்றில் சுமார் 5 சதவீதம் சேர்ந்தால் தீப்பற்றக்கூடும் என்பதால், அதில் பாதியான 2.5 சதவீத மீத்தேன் கலவையையே பெரும்பாலும் சோதனைக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

சோதனை வாயுவுக்குப் பதிலாக லைட்டரைத் திறந்து காட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதிலுள்ள கலப்பில்லாத பியூட்டேன் வாயு மணியையே கெடுக்கக்கூடும். அதைவிட ஆபத்தானது இன்னொன்று: நஞ்சேறிய உணரி முதலில் இழப்பது மீத்தேனை உணரும் திறனை, ஆகவே பியூட்டேனுக்கு அலறும் கருவி மீத்தேனுக்கு ஊமையாக இருக்கலாம்.

அகச்சிவப்பு உணரியில் எரிதல் இல்லை. மீத்தேன், புரொப்பேன் போன்ற ஹைட்ரோகார்பன் வாயுக்கள் உறிஞ்சும் அகச்சிவப்பு ஒளியை, அவை உறிஞ்சாத ஓர் ஒப்பீட்டுக் கதிரோடு வைத்து அளக்கிறது. சிலிக்கோன் அதை நஞ்சாக்காது, ஆக்சிஜன் குறைந்த இடத்திலும் அளவு சரியாக வரும், விளக்கு மங்கினால் பெரும்பாலான கருவிகள் பழுதென்று தாமே அறிவித்துவிடும். என்றாலும் வடிகட்டியில் தூசியோ நீரோ அடைத்துக்கொண்டால் வாயு உள்ளேயே போகாது என்பதால், சோதனை வாயுவுக்கு இங்கும் முழு விடுப்பு கிடையாது. ஹைட்ரஜனை இது அறவே உணராது.

மூன்றாவது வகையான குறைகடத்தி உணரி விலை மலிவு, ஈரப்பதத்துக்கு ஆடிப்போகும். கசியும் குழாய் இணைப்பைத் தேடப் போதும், அளவை நம்ப வேண்டாம்.

மீத்தேன், புரொப்பேன் வேலைக்கும், நாள்தோறும் சோதிப்பார்களா என்ற ஐயமுள்ள குழுவுக்கும் கூடுதல் விலை கொடுத்தாவது அகச்சிவப்பையே பரிந்துரைப்பேன். ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் வினையூக்கி உணரியை எடுத்துக்கொண்டு, சோதனை வாயு உருளையையும் அதே பெட்டியில் வையுங்கள்.