நிலைக்கதவுப் பெயிண்ட்: ரிமூவரா, தின்னரா, உப்புத்தாளா?

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டில் கை வைத்தாலே முதலில் வந்து நிற்பது இந்த வேலைதான். பர்மா தேக்கு நிலைக்கதவு, அதன்மேல் யாரோ எப்போதோ அடித்த நாலைந்து பூச்சு எனாமல். எங்கள் வீட்டு முகப்புக் கதவை உரிக்க மூன்று யோசனைகள் வந்தன.

ஆசாரி கேட்டது ரிமூவர். தடவிய சற்று நேரத்தில் பெயிண்ட் தோல்போலச் சுருண்டு வரும். பல ரிமூவர்களில் அந்த வேலையைச் செய்வது டைகுளோரோமீத்தேன். கொதிநிலை வெறும் 40 டிகிரி. நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு டின்னைத் திறந்தாலே போதும். ஆவி காற்றைப் போல மூன்று மடங்கு கனம், தரையோடு தங்கும். குந்தி உட்கார்ந்து சுரண்டுபவரின் மூக்கும் அங்கேதான். உள்ளே போனதில் ஒரு பங்கு உடம்பில் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பட்டியலில் இது 2ஏ, அதாவது அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு இந்த ரிமூவரை விற்க 2019-லேயே தடை.

தின்னரில் பெரும்பாலும் டொலுவீன். கொதிநிலை 111 டிகிரி, ஆவியாவது மெதுவாக. தலை சுற்றும், நரம்பைக் கெடுக்கும். ஆனால் பட்டியலில் 3, அதாவது புற்றுநோய்க்குச் சான்று போதாது. சரி, அப்படியானால் தின்னர்தானே? கலப்படமாகப் பென்சீன் இருந்தால் கதையே வேறு. அது 80 டிகிரியில் கொதிக்கும், ரத்தப் புற்றுநோய் தரும், பட்டியலில் 1, அதாவது சான்று உறுதி. லேபிள் இல்லாமல் சில்லறையில் ஊற்றித் தரும் தின்னரில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? தவிர, இறுகிப்போன எனாமலைத் தின்னர் லேசில் அசைக்காது. (இந்த 1, 2ஏ எல்லாம் சான்றின் உறுதியைத்தான் சொல்கின்றன, விஷத்தின் வீரியத்தை அல்ல.)

உப்புத்தாளில் வாடையே இல்லை. அதனாலேயே எல்லோரும் அதை நம்புகிறோம். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017-ல்தான். எங்கள் கதவுப் பூச்சு அதற்கு வெகு முந்தியது. கனிம ஈயச் சேர்மங்களும் 2ஏ. ரிமூவர் ஆவி காற்றோடு போய்விடும், தேய்க்கும்போது கிளம்பும் ஈயத் தூசி போகாது. ஆத்தங்குடிக் கல் தரையில் படிந்து, தவழும் பிள்ளையின் கைக்கு வரும். அங்கே புற்றுநோயைவிட மூளைக்குத்தான் முதல் ஆபத்து.

கடைசியில் கதவுகளைக் கழற்றி வெளியே வேப்பமரத்தடியில், உயரமான பெஞ்சின்மேல் போட்டு, ரிமூவரைச் சிற்பவேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். சுவரோடு நிற்கும் நிலைக்கு வாட்டர் பேப்பர், அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள், தூசி பறக்காதபடி நனைத்து நனைத்துத் தேய்த்தது. ஆசாரிக்கு அதில் நாலு நாள் கூடுதல் கூலி.