ஸ்லிம்லைன் பேனா கிட் பெட்டி: கடைந்து, பாலிஷ் போட்டு, எழுதிப் பார்த்ததில்

மரப்பேனா கடைய ஆசைப்பட்டு இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது இந்த மாதிரி ஆரம்பப் பெட்டிதான். ஸ்லிம்லைன் கிட்டுகள் (மெல்லிய திருகு பேனாவுக்கான உதிரிச் சாமான்கள்), ஒரு மேன்ட்ரல் (மரத்துண்டைக் கோத்து லேத்தில் சுற்றவிடுகிற கம்பி), புஷிங் (எவ்வளவு கடைய வேண்டும் என்று காட்டுகிற வளையங்கள்), பேரல் டிரிம்மர் (பேரல், அதாவது குழாய் ஒட்டிய மரத்துண்டின் முனையைச் சமமாக வெட்டுவது), 7 மி.மீ. டிரில் பிட், கொஞ்சம் உப்புத்தாள், ஒரு பாட்டில் ஃப்ரிக்‌ஷன் பாலிஷ் எல்லாம் ஒன்றாக வரும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலோகச் சாமான்கள் கொடுத்த காசுக்குத் தகும். பாலிஷ் பாட்டில் தகாது. கிட்டின் ரீஃபில் விஷயத்தை வாங்குவதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும்.

எனக்குப் பிழைப்பு கோயம்புத்தூரில் பம்ப் ஷாஃப்ட் கடைகிற பட்டறையில். பகலில் இரும்பு, சாயங்காலத்தில் மரம். எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவேன். பெட்டி வந்ததும் பித்தளைக் குழாய்களைத்தான் முதலில் வெர்னியரில் வைத்தேன். ஸ்லிம்லைன் பேனாவுக்கு இரண்டு குழாய், ஒவ்வொன்றும் 53 மி.மீ. அளவில் இருக்கும். வெளி விட்டம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தது, நசுங்கல் இல்லை, முனையில் பிசிறு இல்லை. கடைசியில் முனையையும் கிளிப்பையும் அழுத்திப் பொருத்தும்போது மரம் விரிசல் விடாமல் இருக்க இந்தக் குழாய்தான் ஆதாரம். இது சரியாக இருந்தால் பாதிக் கவலை போச்சு. துளை போட்ட மரத்துக்குள் ஒட்டுவதற்கு முன் குழாயின் மேல் பளபளப்பை உப்புத்தாளில் தேய்த்து எடுத்துவிடுங்கள். பளபளப்பான பித்தளையில் பசை பிடிக்காது. பிறகு டிரிம்மர் வைக்கும்போதோ பேனாவைப் பொருத்தும்போதோ குழாய் தனியாகச் சுற்றும்.

துளை போடும்போது பிட்டை அடிக்கடி வெளியே இழுத்துச் சீவலைத் தட்ட வேண்டும். புளி, கருங்காலி மாதிரி கெட்டி மரம் சூட்டைத் தாங்காது. உள்ளேயே வெடித்திருக்கும், கடைந்து மெலிந்த பிறகுதான் கோடு தெரியும். பெட்டியோடு வந்த பேரல் டிரிம்மர் நன்றாகவே வெட்டுகிறது. முனையில் பித்தளை மினுக்கென்று தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டிச் சீவினால் குழாய் குறையும், ரீஃபில் முனை அளவுக்கு மேல் வெளியே நீளும்.

மேன்ட்ரலில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நட்டை விரலால் இறுக்கினால் போதும், லேத்தின் மறுகோடியில் கம்பியைத் தாங்குகிற டெயில் ஸ்டாக்கையும் அளவாகத்தான் நெருக்க வேண்டும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அந்த மெல்லிய கம்பி வில்லாக வளையும். பேரல் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து வரும். உருட்டிப் பார்த்தால் தெரியாது, நடு வளையத்தோடு பொருத்தும்போது விரலில் படி தட்டும். டெயில் ஸ்டாக்கில் கம்பியோடு சேர்ந்து சுற்றுகிற கூம்பு முனை, அதாவது லைவ் சென்டர், 60 டிகிரியாக இருக்க வேண்டும். மர லேத்தோடு வருகிற கிண்ண சென்டர் இதற்கு ஆகாது.

பெட்டியில் இருந்த வெளிநாட்டு மரத்துண்டுகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊரில் பேனாவுக்கு மரம் தேடி அலைய வேண்டியதே இல்லை. பழைய சாமான் கடையில் உடைந்த நாற்காலிக் கால் ஒன்று கேளுங்கள், தேக்கோ ஈட்டியோ கிடைக்கும். ஈட்டி மரத்தை வெட்டுவதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டில் தனிச் சட்டமே போட்டார்கள், அதனால் பழைய மரச்சாமானில் இருந்து எடுப்பதுதான் முறை. பலா எனக்கு ரொம்பப் பிடிக்கும். கடைந்த அன்று மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்கு வரும்.

இனி பாலிஷ். இந்த மதிப்புரை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பாட்டிலில் இருப்பது அரக்கு, ஸ்பிரிட், கொஞ்சம் எண்ணெய். லேத்தை வேகமாக ஓடவிட்டு டிஷ்யூ பேப்பரில் தொட்டு அழுத்தினால், உரசுகிற சூட்டில் ஸ்பிரிட் பறந்து அரக்கு மரத்தில் படிந்துவிடும். துணியை மட்டும் உபயோகிக்காதீர்கள். சுற்றுகிற மரத்தில் துணி மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும், பேப்பர் என்றால் கிழிந்துபோகும். வருகிற பளபளப்பு அழகுதான், ஈட்டியின் கருஞ்சிவப்பு அப்படியே எழுந்து நிற்கும். விளம்பரப் படத்தில் காட்டுவதும் அந்த நேரத்துப் பேனாவைத்தான்.

ஆனால் பேனா என்பது கையில் பிடிக்கிற சாமான். என் அக்கா செவிலியர். வார்டில் நாளெல்லாம் சானிடைசர் போட்ட கையோடு எழுதுகிறவர். ஈட்டியில் கடைந்து, இந்தப் பாலிஷ் போட்டு அவருக்கு ஒரு பேனா கொடுத்திருந்தேன். கொஞ்ச நாளில், “ஏன்டா தம்பி, பேனா பிசுபிசுன்னு ஒட்டுதே” என்று திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். பிடிக்கிற இடம் முழுக்க வெளுத்து, விரல் ரேகை பதிந்திருந்தது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், சானிடைசரில் இருப்பதும் ஆல்கஹால்தான். வியர்வையும் ஈரமும் சேர்ந்தால் சாதாரண உபயோகத்திலேயே மங்கிவிடும். இதை எல்லா வகைப் பேனாவுக்கும் ஏற்றது என்று பெட்டியின் மேல் அச்சடித்து விற்கிறார்கள். அது எனக்கு வருத்தம்தான். ஆசையாகக் கடைந்த ஒருவர் அதை யாருக்கோ பரிசாகக் கொடுப்பார், அது கொஞ்ச நாளில் கெட்டுப்போனால் தன் கை வேலைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்.

அக்காவின் பேனாவைச் சுரண்டிவிட்டு சி.ஏ. பசையில் மறுபடி பூசினேன். ஃபெவிக்விக் வகையறாப் பசைதான், கொஞ்சம் கெட்டியான ரகம் கிடைத்தால் நல்லது. வேலையின் வரிசை இப்படி. 150இல் தொடங்கி 600 வரை உப்புத்தாள். ஒவ்வொரு தாள் முடிந்ததும் லேத்தை நிறுத்தி, மர ரேகை ஓடுகிற திசையில் நீளவாக்கில் கையால் தேய்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் குறுக்குக் கோடுகள் பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டு வெயிலில் பளிச்சென்று தெரியும். தேக்கு என்றால் எண்ணெய்ப் பசை உண்டு, அசிட்டோன் தொட்டுத் துடைத்துவிட்டுத்தான் பூச்சு. பிறகு லேத்தை மெதுவாக ஓடவிட்டு, டிஷ்யூவில் ஒரு சொட்டு பசை, ஒரே இழுப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. காய்ந்த பிறகு அடுத்தது. இப்படி மெல்லிய பூச்சாகப் பல தடவை ஏற்ற வேண்டும். பருத்தித் துணியில் இந்தப் பசை பட்டால் சூடேறிப் புகையும், கையைச் சுடும். ஆவி கண்ணை எரிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பூச்சு கொஞ்சம் கனம் கூட்டும் என்பதால் மரத்தைப் புஷிங் மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே கடைந்து வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக மைக்ரோ மெஷ் பட்டைகள், பளபளப்பு ஏற்றத் தேய்க்கிற நைஸான பட்டைகள். 1500 முதல் 12000 வரை ஒன்பது நிறத்தில் வரும், தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். இதை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். இதன் 1500 என்பது ஹார்டுவேர் கடையில் விற்கிற 1500 தாளை விடச் சொரசொரப்பு, எண்ணைப் பார்த்து முதல் பட்டைகளைத் தாண்டிவிடாதீர்கள். 4000 வரும்வரை மேல்பரப்பு மங்கலாகவே இருக்கும், அதற்குப் பிறகு ஒவ்வொரு பட்டைக்கும் ட்யூப் லைட்டின் பிம்பம் கூர்மையாகிக்கொண்டே வரும். அக்காவின் பேனா இப்போது சானிடைசருக்கு அசைவதில்லை. தொட்டால் மரம் மாதிரி இல்லை, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று சிலர் குறைப்படுவார்கள், அதில் நியாயம் இருக்கிறது. மரத்தின் ஸ்பரிசம் வேண்டும், பேனா வீட்டு மேஜையை விட்டு நகராது என்றால் அரக்கே போதும்.

அதற்கும் அந்தப் பாட்டில் தேவையில்லை. அவல் மாதிரித் தகடாக இருக்கிற அவலரக்கு நம் ஊர் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும், தச்சர்கள் பிரெஞ்சு பாலிஷுக்கு வாங்குவது அதைத்தான். ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அந்தக் கரைசலோடு ஸ்பிரிட்டும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் சம அளவு கலந்தால் அதே சரக்கு. கர்நாடகத்தில் சன்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் அரக்குக் குச்சியைச் சுற்றுகிற மரத்தின் மேல் அப்படியே அழுத்தி, உரசல் சூட்டில் உருக்கி, தாழை மடலால் இழுத்துப் பளபளப்பாக்குகிறார்கள். அதில் கரைப்பானே இல்லை, பூச்சும் பாட்டில் பாலிஷை விடத் தடிமன்.

கிட்டின் மற்ற சாமான்களில் முலாம் முக்கியம். தங்க நிறத்தை எடுக்காதீர்கள், விரல் படுகிற முனைப் பக்கம் முதலில் வெளிறிப்போகிறது. குரோம் நன்றாக நிற்கிறது. திருகு மெக்கானிசத்தை அழுத்தும்போது அதில் பள்ளமாக ஒரு வளையம் தெரியும், அதுவரை அழுத்திவிட்டு ரீஃபிலைப் போட்டுப் பார்த்து, தேவையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். அதிகம் போய்விட்டால் வெளியே எடுப்பது கஷ்டம்.

ரீஃபில்தான் பெரிய சங்கடம். ஸ்லிம்லைனுக்கு கிராஸ் (பேனா கம்பெனியின் பெயர்) வகை ரீஃபில். எங்கள் பகுதி ஸ்டேஷனரிக் கடைகளில் பார்க்கர் வகை எங்கே கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறார்கள், கிராஸ் வகை கேட்டால் இல்லை என்கிறார்கள். மை தீர்ந்ததும் டிராயரில் போய்க் கிடக்கிற பேனாவை எதற்குக் கடைய வேண்டும்? கைப்பழக்கத்துக்கு இந்தப் பெட்டி சரி. பரிசு கொடுக்க, நாள்தோறும் எழுத என்றால், பார்க்கர் ரீஃபில் ஏற்கிற சியெரா வகை கிட் வாங்குங்கள். அதில் ஒரே குழாய்தான், நடு வளையத்தில் மர ரேகையைச் சேர்க்கிற வேலையும் இல்லை. துளை மட்டும் 10.7 மி.மீ., அதற்கான பிட்டையும் புஷிங்கையும் தனியாக வாங்க வேண்டும். மேன்ட்ரல் இதே போதும்.