அலுமினியம் பாலிஷ் என்று 6,500 ரூபாய் போச்சு, புல்லட் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் 95 மாடல் புல்லட். ஓட்டத்தில் ஒரு குறையும் கிடையாது. இன்ஜின் பக்கத்து அலுமினிய மூடிகளான டைமிங் கவரும் கிளட்ச் கவரும்தான் மங்கிப்போய், திருகுகளைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து, அழுதுவடிந்துகொண்டிருந்தன. தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னால் பளபளவென்று ஆக்கிவிடலாம் என்று ஆசைப்பட்டு, பைபாஸ் பக்கம் பழைய வண்டிகளைப் புதுசாக்கித் தரும் ஒரு பட்டறைக்குப் போனேன். பெயரைப் போட்டால் அது வேறு வம்பு, அதனால் விட்டுவிடுகிறேன்.

நான் விழுந்த இடம் இதுதான். அந்த ஆள் ஒரு டியூபிலிருந்து பட்டாணி அளவு பேஸ்டைப் பிதுக்கி, பனியன் துணியில் தடவி, கவரின் ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தேய்த்தார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, அந்த இடத்தில் என் மூக்கு தெரிந்தது. துணியைத் திருப்பிக் காட்டினார். மை கொட்டின மாதிரி கறுப்பு. "பாத்தீங்களாண்ணே, முப்பது வருஷ அழுக்கு." அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் போனை எடுத்து அங்கேயே 4,000 அனுப்பினேன். அது அழுக்கே இல்லையாம். மின்னுகிற அலுமினியத்தைத் தேய்த்தாலும் துணி அப்படித்தான் கறுக்கும், உரசி வருகிற உலோகப்பொடிதான் அது. இப்போது தெரிந்து என்ன பிரயோஜனம்?

மூன்றாம் நாள் சாயங்காலம் டியூப் லைட் வெளிச்சத்தில் கவரைக் கையில் கொடுத்தார்கள். கண்ணாடிதான், பொய் சொல்லக்கூடாது. மீதி 2,500-ஐயும் கொடுத்துவிட்டு வந்தேன். மொத்தம் 6,500.

ஒன்பதாம் நாள் கிளட்ச் கவரில் பால் திரிந்த மாதிரி ஒரு திட்டு. நகத்தால் லேசாகச் சுரண்டினேன், வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. மேலே வெறும் லேக்கர், அதாவது நிறமில்லாத வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு, அடித்திருக்கிறார்கள், அடியில் சாம்பலும் கறுப்புமாக அம்மைத் தழும்பு போலக் குழிகள். எங்கள் மெக்கானிக் அண்ணன் பார்த்த உடனே சொல்லிவிட்டார், "காஸ்டிக்ல முக்கியிருக்கான் தம்பி." காஸ்டிக் சோடா அலுமினியத்தையே அரிக்கும், வார்ப்புக் கவரில் கலந்திருக்கும் சிலிக்கான் கரையாமல் கறுப்பாக மேலே தங்கிவிடும். முறையாகச் செய்வதென்றால் 400, 600, 800 என்று 2000-ஆம் நம்பர் வரை தண்ணீர் தொட்டு எமரித் தாள் போட்டு, முந்தின தாளின் கீறல் மறைந்த பிறகே அடுத்ததுக்குப் போய், கடைசியில்தான் பஃபிங் சக்கரத்தில் பிடிக்கவேண்டும். கவர் ஒன்றுக்கு அரை நாள் பிடிக்கிற வேலை. இவர்கள் நேராகச் சக்கரத்தில் கொடுத்து அழுத்தியிருக்கிறார்கள். அதுவும் டைமிங் கவரில், ஆயில் கசியாமல் இடையில் வைக்கிற பேக்கிங் உட்காருகிற விளிம்பையும் சேர்த்து! விளிம்பு மழுங்கிவிட்டது, புது பேக்கிங் போட்டும் ஆயில் கசிகிறது. வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்திருக்கிறேன்.

போன் போட்டால், முதல் நாள் "மழையில ஓட்டினீங்களாண்ணே?" மறுநாள் "அலுமினியம்னா அப்படித்தாண்ணே, கவனிச்சுக்கணும்." அப்புறம் ஓனர் ஊரில் இல்லை. நேரில் போனேன். வேலை செய்த பையன் நின்றுவிட்டானாம், வேண்டுமென்றால் 1,500 கொடுங்கள், திரும்பப் பண்ணித் தருகிறோம் என்கிறார்கள். எனக்குப் போனது 6,500, அதற்கு மேல் இன்னும் 1,500-ஆ? நேற்று ராத்திரி அந்த ஆள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பளபளக்கிற ஒரு டைமிங் கவர், கீழே "விலைக்கு அழைக்கவும்". திருகு ஓட்டைக்குப் பக்கத்தில் அப்பா காலத்து வெட்டு அப்படியே தெரிகிறது. என்னுடைய கவர்!

எப்படி நல்ல ஆளாகப் பார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. எதில் முக்குவீர்கள் என்று வாயைத் திறந்து கேளுங்கள், "கெமிக்கல் வாஷ்" என்று மழுப்பினால் கவரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பேக்கிங் முகத்தில் சக்கரம் படக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். அலாய் வீலாக இருந்தால் தேய்த்தும் துணி கறுக்கவில்லையா, மேலே லேக்கர் இருக்கிறது, அதை எடுக்காமல் பாலிஷ் ஏறாது. கவரைப் பகல் வெயிலில் வைத்துப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நான் டியூப் லைட்டில் பார்த்துக் கொடுத்தேன், 6,500.