மகன் டாலஸில், மகள் டொராண்டோவில்: பென்ஷன்காரர்கள் எங்கே அதிக நாள் தங்கலாம்?

ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர் மாலை நடைக்குக் கிளம்பினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "கனடாவில அஞ்சு வருஷம் இருக்கலாமாமே?" என்பார் ஒருவர். "அமெரிக்காவில ஆறு மாசம்தான் சார்" என்பார் இன்னொருவர். பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாட்டில் இருந்தால் கேள்விக்கே இடமில்லை. ஆனால் மகன் டாலஸிலும் மகள் டொராண்டோவிலும், இல்லையென்றால் ஒருவர் லண்டனிலும் ஒருவர் மெல்போர்னிலும் இருக்கிற குடும்பங்கள் இப்போது ஏராளம். எங்கே எத்தனை மாதம் என்று அவர்கள் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்தக் கணக்கைப் பலரும் விசா தரும் மாதங்களை வைத்தே போடுகிறார்கள். மாதம் நாற்பது, ஐம்பதாயிரம் பென்ஷன் வாங்குகிறவருக்கு அது உதவாது. அங்கே போனபின் சாப்பாடும் இடமும் பிள்ளை பொறுப்பு. பென்ஷனில் கை வைப்பவை இரண்டுதான்: விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு. டிக்கெட் விலை எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். காப்பீடு அப்படியில்லை, வயது ஏற ஏறப் பிரீமியம் ஏறும், தரும் தொகை இறங்கும். அதனால் நடுராத்திரியில் நெஞ்சு வலித்தால் பில் யார் தலையில் விழும் என்று பார்த்தே இந்த நாடுகளை ஒப்பிடுகிறேன்.

அமெரிக்கா

நம்மவர்களுக்கு அதிகம் பழக்கமானது பி-2 என்ற பார்வையாளர் விசா. பொதுவாக 10 வருடத்துக்குத் தருகிறார்கள். 10 வருடம் என்பது வந்து போவதற்கான காலம் மட்டுமே. ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் இருக்கும் குடிநுழைவு அதிகாரிதான் தீர்மானிக்கிறார். பெரும்பாலும் 6 மாதம் கிடைக்கும். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். இறங்கிய மறுநாளே பிள்ளையை விட்டு இணையத்தில் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் கடைசித் தேதியைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுகிறவர்கள் உண்டு. கெடு தாண்டினால் விசா செல்லாமல் போகும். கெடுவுக்குப் பிறகு 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டுக் கிளம்பினால் 3 வருடம் உள்ளே விடமாட்டார்கள், ஒரு வருடம் ஆகிவிட்டால் 10 வருடம்.

நீட்டிக்க ஐ-539 என்ற மனு உண்டு. அவசரம் இருந்தாலொழிய அதைப் போடாதீர்கள் என்பதே என் கருத்து. மனு நிலுவையில் இருக்கும்வரை இருக்கலாம், சரி. கெடு முடிந்தபின் அது நிராகரிக்கப்பட்டால் கையில் உள்ள 10 வருட விசாவுக்கே ஆபத்து. "நயாகரா வழியா கனடாவுக்குள்ள போயிட்டு வந்தா மறுபடி ஆறு மாசம்" என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது; அதையும் நம்ப வேண்டாம். 30 நாளுக்குள் திரும்பி வருகிறவரைப் பழைய ஐ-94 தேதியிலேயே உள்ளே விட அதிகாரிக்கு இடமுண்டு.

இன்னொன்று, எதற்கு வந்தீர்கள் என்ற கேள்விக்கான பதில். "பேரனைப் பார்த்துக்கொள்ள" என்று பாசத்தில் வாய் தவறி வரும். நமக்கு அது இயல்பான பேச்சு. அதிகாரி காதில் சம்பளம் வாங்காத ஆயா வேலையாக விழலாம். மகன் குடும்பத்தோடு இருந்துவிட்டுப் போக வந்தேன், திரும்பும் டிக்கெட் இது என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இந்த இடத்தில் பென்ஷன் ஆவணம் உபயோகப்படும்: மாதாமாதம் வரவு, திரும்பிப் போகக் காரணம், இரண்டையும் ஒரே தாளில் சொல்லிவிடும்.

இனி பணத்துக்கு வருவோம். காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் பார்வையாளருக்கு இல்லை, முதியவர்களுக்கான அந்நாட்டு அரசுக் காப்பீடான மெடிகேரும் கிடையாது. அந்தச் சுதந்திரமே பொறி. காப்பீட்டில் இரண்டு ரகம். ஒன்று மருத்துவமனையில் ஒரு நாளைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று வரம்பு கட்டித் தரும் மலிவு ரகம். மற்றது பில்லில் ஆரம்பத் தொகையை நாம் கட்டியபின் மீதியைப் பெரும்பாலும் ஏற்கும் முழுமையான ரகம். மலிவு ரகம் தரும் தொகைக்கும் அமெரிக்க மருத்துவமனைப் பில்லுக்கும் சம்பந்தமே இருக்காது. சுகர், பிரஷர் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு, 'திடீரெனத் தீவிரமானால் மட்டும்' என்ற வாசகம் எந்த வயதுவரை பொருந்தும் என்று பார்க்க வேண்டும். பல திட்டங்களில் 70 அல்லது 80ஐத் தொட்டதும் அந்தப் பாதுகாப்பு சுருங்கும் அல்லது காணாமல் போகும்.

கனடா

5 வருடம் என்று நடையில் பேசப்படுவது சூப்பர் விசா. 2011 டிசம்பரில் வந்தது. ஒரு முறை நுழைந்தால் 2 வருடம் என்றிருந்ததை 2022 ஜூலையில் 5 வருடமாக்கினார்கள். பெயர் எதுவானாலும் இது பார்வையாளர் விசாதான். வேலை பார்க்க முடியாது, மாகாணத்தின் இலவச மருத்துவமும் கிடையாது. நம் பென்ஷனை இங்கே பெரிதாக யாரும் கேட்பதில்லை. மகளோ பேரனோ அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றிருக்க வேண்டும், குடும்ப அளவுக்கேற்ற குறைந்தபட்ச வருமானம் காட்ட வேண்டும். நமக்கு மருத்துவப் பரிசோதனை. அதோடு குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு, ஓராண்டுக்கான காப்பீடு கட்டாயம்.

இந்தக் கட்டாயத்தைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் கனடாவின் சாதகமாகத் தெரிகிறது. 70 வயது தம்பதிக்கு ஆண்டுப் பிரீமியம் ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். கனடா டாலர் 60 ரூபாய்க்கு மேல் விற்கும்போது சில மாதப் பென்ஷன் அப்படியே போய்விடும். ஆனால் எவ்வளவு என்பது கிளம்புமுன்பே தெரிகிறது. பாதியில் திரும்பினால், கிளெய்ம் எதுவும் செய்யாதவர்களுக்கு மீதி மாதப் பிரீமியத்தைத் திருப்பித் தரும் பாலிசிகளும் உண்டு.

பாலிசியில் ஒரு வரியை மட்டும் பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள். ஏற்கெனவே உள்ள நோய் 'நிலையாக' இருந்தால்தான் பணம் தருவோம் என்றிருக்கும். நிலையாக என்றால் காப்பீடு தொடங்குவதற்கு முந்தைய 90 நாளிலோ 180 நாளிலோ மருந்தும் அளவும் மாறியிருக்கக் கூடாது. ஊருக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று நாம் டாக்டரிடம் போவோம். அவர் பிரஷர் மாத்திரையை 40லிருந்து 80 ஆக்குவார். அந்த ஒரு மாற்றத்தில், அங்கே போய் வரும் இதய சம்பந்தமான பில் முழுக்க நம் தலையில் விழ வாய்ப்புண்டு. அந்தப் பரிசோதனையை ஆறேழு மாதம் முன்னாடியே முடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் குளிர். நவம்பரிலிருந்து மார்ச் வரை டொராண்டோவில் முதியவர்கள் வீட்டுக்குள்தான். பனி உறைந்த நடைபாதையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் எந்தக் காப்பீடும் போதாது. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வீடு என்றால் தமிழ் பேசும் டாக்டர், தமிழ்க் கடை, கோயில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய ஆறுதல். இருந்தாலும் 5 வருடம் கிடைக்கிறதே என்று அங்கேயே உட்காருவது பென்ஷன்காரருக்குச் சரிப்படாது. மே முதல் அக்டோபர் வரைதான் என் சிபாரிசு.

பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும்

பிரிட்டன் கணக்கு எளிது. 2, 5, 10 வருட விசா வாங்கினாலும் ஒரு வருகைக்கு 6 மாதம்தான். அடிக்கடி வந்து அங்கேயே குடியிருப்பது போலத் தெரிந்தால் விடமாட்டார்கள். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் கட்டணமில்லை என்பது உண்மை. ஆனால் வார்டில் சேர்த்ததும் மீட்டர் ஓடத் தொடங்கும்: வெளிநாட்டுப் பார்வையாளருக்கு வழக்கமான செலவில் 150 சதவீதம். 500 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்தால் அடுத்த விசாவில் அது எதிரொலிக்கும். கோடையில் மூன்று மாதம் போய் வர நல்ல இடம்.

ஆஸ்திரேலியாவில் 600 என்ற பார்வையாளர் விசாவில் 3, 6, 12 மாதம் என்று தருகிறார்கள். 12 மாதம் கிடைத்தவர்கள், விசா தந்ததாக வரும் கடிதத்தில் 8503 என்ற எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அங்கிருந்தபடி நீட்டிப்பு பொதுவாகக் கிடையாது. 75 தாண்டியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. 2019இல் பெற்றோருக்கென 870 என்ற தற்காலிக விசாவும் வந்தது. 3 வருடத்துக்கு 5,000, 5 வருடத்துக்கு 10,000 ஆஸ்திரேலிய டாலர் என்று தொடங்கிய கட்டணம் பிறகு கூடியது. ஒருவருக்கு அவ்வளவு என்றால் தம்பதிக்கு இரட்டிப்பு. பென்ஷனிலிருந்து கட்டுகிற தொகையா அது? பிள்ளை கட்டினால் பார்க்கலாம்.

காப்பீட்டில் ஆஸ்திரேலியா கொஞ்சம் வஞ்சனை செய்கிறது. அந்நாட்டு நிறுவனங்கள் பார்வையாளருக்குத் தரும் திட்டங்களில், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பொதுவாக 12 மாதக் காத்திருப்பு. ஒரு வருடம் தங்கப் போகிறவர் ஒரு வருடமும் பிரீமியம் கட்டிவிட்டுச் சுகருக்கும் இதயத்துக்கும் பாதுகாப்பில்லாமலே திரும்புவார். சித்திரை வெயிலுக்குப் பயந்து சென்னையை விட்டுக் கிளம்ப நினைப்பவர்களுக்கு மெல்போர்னின் இலையுதிர்காலம் இதம்தான். ஆனால் ஊறுகாய், பொடி வகையறாவை மறைக்காமல், இறங்கும்போது நிரப்பும் பயணி அட்டையில் எழுதிவிடுங்கள். அங்கே சுங்கத்தில் கண்டிப்பு அதிகம்.

சிங்கப்பூரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். வேலை அனுமதியில் இருப்பவர் பெற்றோரை நீண்டகால அனுமதியில் அழைக்க மாதச் சம்பளம் குறைந்தது 12,000 சிங்கப்பூர் டாலர் வேண்டும். மருத்துவத்தில் வெளிநாட்டவருக்கு மானியமும் இல்லை. ஆனால் சென்னையிலிருந்து நாலு மணி நேரம் சொச்சம்தான் பயணம். உடம்பு சரியில்லை என்றால் மறுநாள் நம் டாக்டர் முன்னால் உட்காரலாம். இதய நோயாளிக்கு இந்தத் தூரமே பாதிக் காப்பீடு.

எந்த நாடானாலும் ஊர்ப்பக்கத்தில் சில வேலைகள் உண்டு. மாத்திரை முதலில். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா மூன்றும் சொந்த உபயோகத்துக்குப் பொதுவாக 3 மாத மருந்தைத்தான் அனுமதிக்கின்றன. 6 மாதம் தங்கப் போகிறவரின் பெட்டியில் இரண்டாம் பாதிக்கு மாத்திரை இருக்காது. உள்ளூர் டாக்டரிடம் சீட்டு வாங்க வேண்டிவரும். மாத்திரைகளை அட்டையோடு, மருந்தின் வேதிப் பெயர் எழுதிய சீட்டோடு கொண்டுபோனால் வேலை சுலபம். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் போன்றவை அமெரிக்காவின் வால்மார்ட் கடைகளில் மாதத்துக்கு 4 டாலர் பட்டியலில் கிடைக்கும். டாக்டர் கட்டணம்தான் பெரிது.

அடுத்தது உயிர்வாழ்வுச் சான்று. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர், 80 தாண்டியவர்களுக்கு அக்டோபரிலிருந்தே. ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டிச் செய்யலாம், தூதரகத்திலும் வாங்கலாம். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு ஆண்டு நேர்காணல். இவற்றுக்கும் வங்கிக்கும் ஓடிபி வர வேண்டுமே? சிம்மில் ரோமிங்கை இந்தியாவில் இருக்கும்போதே போட்டு, ரீசார்ஜ் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எண் போனால் பென்ஷன் கணக்கே எட்டாத தூரத்துக்குப் போய்விடும்.

வருமான வரியிலும் ஒரு முடிச்சு. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு நிதியாண்டு முழுவதையும் வெளியே கழித்தால் உள்நாட்டு வசிப்பாளர் என்ற தகுதி போகும். பழைய வரி முறையில் மூத்த குடிமக்களின் வட்டிக்குக் கிடைக்கும் 50,000 ரூபாய்க் கழிவும் அதோடு போகும். ஜனவரியில் போய் ஜூனில் திரும்புகிறவருக்கு இரண்டு நிதியாண்டிலும் தலா மூன்று மாதம்தான் கணக்கு.

சரி, டாலஸா டொராண்டோவா? 70க்குள் இருந்து, நோய் கட்டுக்குள் இருந்தால் அமெரிக்காவின் 6 மாதத்தை நல்ல காப்பீட்டோடு முழுதாக உபயோகிக்கலாம். 70க்கும் 80க்கும் நடுவில், சுகர் பிரஷரோடு இருப்பவர்கள் கனடாவையே முக்கிய இடமாக வைத்துக்கொள்ளட்டும். டாலஸுக்கு இரண்டு மூன்று வாரம் தனிக் காப்பீடு எடுத்துப் போய் வரலாம். 80 தாண்டியவர்களுக்கு நான் எந்த நாட்டையும் சொல்லமாட்டேன். ஒரு வருடப் பிரீமியத்தையும் இரண்டு டிக்கெட்டையும் கூட்டிப் பார்த்தால், அந்தப் பணத்தில் மகனையும் மகளையும் பேரப்பிள்ளைகளோடு டிசம்பர் விடுமுறைக்கு இங்கே வரவழைக்கும் செலவில் பெரும்பங்கு அடைந்துவிடும்.