நக்ஸோஸுக்குத் திடீர்ப் பயணம்: விமானத் தேடல் தளங்கள் எங்கே உதவுகின்றன, எங்கே கைவிடுகின்றன

வியாழக்கிழமை ஒரு கிரேக்கத் தீவுக்குக் கிளம்பலாம் என்று திங்கட்கிழமை தோன்றுகிறது. ஐரோப்பாவில் இருப்பவர்கள் முதலில் திறப்பது கூகுள் ஃப்ளைட்ஸாக இருக்கும், இல்லையென்றால் ஸ்கைஸ்கேனர். இரண்டிலும் இப்படிப்பட்ட ஆசைக்கென்றே ஒரு வசதி உண்டு. கூகுளில் வரைபடத்தின் மேல் ஊருக்கு ஊர் விலை காட்டும் ‘எக்ஸ்ப்ளோர்’, ஸ்கைஸ்கேனரில் போகுமிடத்தைக் குறிப்பிடாமலே தேடும் ‘எவ்ரிவேர்’. இந்த இரண்டையும் கிரீஸின் நக்ஸோஸ் தீவை வைத்து உரசிப் பார்ப்பதுதான் இந்த மதிப்பீடு. நக்ஸோஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தளங்களின் பலமும் பலவீனமும் அங்கே போல வேறெங்கும் பளிச்சென்று தெரியாது.

பலவீனத்தை முதலில் சொல்லிவிடலாம். இந்தத் தளங்களுக்கு விமான நிலையங்கள் தெரியும், தீவுகள் தெரியாது. வரைபடத்தில் கிரீஸைப் பெரிதாக்கினால் சாண்டோரினி, மைக்கோனோஸ், ரோட்ஸ், கோர்ஃபு, கோஸ், கிரீட்டின் ஹனியா எல்லாம் விலையோடு வந்து நிற்கும். சைக்ளடீஸ் தீவுக் கூட்டத்திலேயே பெரிய தீவான நக்ஸோஸோ ஒன்று கண்ணில் படவே படாது, இல்லையென்றால் பயமுறுத்தும் விலையோடு வரும். அங்கே விமான நிலையம் இருக்கிறது. ஆனால் ஓடுபாதை சுமார் 900 மீட்டர்தான். ஜெட் விமானம் இறங்க முடியாது. ஏதென்ஸிலிருந்து ஒலிம்பிக் ஏரும் ஸ்கை எக்ஸ்பிரஸும் சிறிய உந்துவிசிறி விமானங்களை ஓட்டுகின்றன. இருக்கைகள் குறைவு என்பதால் கடைசி வாரத்தில் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு இருக்கையின் விலை எகிறிவிடும். அந்த விலையைப் பார்த்து நக்ஸோஸையே கைவிடுபவர்கள் பலர். அது தவறு.

செய்ய வேண்டியது இதுதான்: தீவுக்கு விமானம் தேடாதீர்கள், ஏதென்ஸுக்குத் தேடுங்கள். மிச்சத்தைக் கப்பல் பார்த்துக்கொள்ளும். விமானக் கட்டணம் நாள் நெருங்க நெருங்க, இருக்கை விற்க விற்க, படிப்படியாக மேலே போகும். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பும் பெரிய சாதாரணக் கப்பல்களின் கட்டணம் அப்படி ஏறுவதில்லை. ஒரு மாதம் முன்பு வாங்கியவரும் முந்தின நாள் வாங்கியவரும் பெரும்பாலும் ஒரே விலைதான் கொடுத்திருப்பார்கள். திடீரென்று கிளம்புகிறவருக்கு இதைவிட நல்ல சேதி கிடையாது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களும் கிரேக்க ஈஸ்டர் வாரமும் மட்டும் விதிவிலக்கு. அப்போது கிரேக்கர்களே மொத்தமாகத் தீவுகளுக்குப் புறப்படுவார்கள், கப்பல்கள் நிரம்பிவிடும்.

இனி தளங்களை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம். கூகுள் ஃப்ளைட்ஸில் புறப்படும் இடமாக ஒன்றல்ல, ஏழு விமான நிலையங்கள் வரை சேர்த்துக் கொடுக்கலாம். பலருக்கு இது தெரியாது. இரண்டு மூன்று மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் நிலையங்களை எல்லாம் சேர்த்துவிட்டு, போகுமிடமாக ஏதென்ஸைக் கொடுங்கள். பிறகு தேதிக் கட்டத்தையும் விலை விளக்கப்படத்தையும் பாருங்கள். வியாழனுக்குப் பதில் புதன், காலைக்குப் பதில் நள்ளிரவு என்று அரை நாள் நகர்ந்தாலே விலை பாதியாகும் வாய்ப்பு உண்டு. அடுத்து, தேடலில் பைகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் வடிகட்டியில் ‘கேபின் பை 1’ என்று போடுங்கள். சிக்கன விமானங்களின் முதல் விலை இருக்கைக்கு அடியில் நுழையும் பைக்கு மட்டும்தான். தலைக்கு மேலுள்ள தட்டில் வைக்கும் பைக்குத் தனிக் காசு. வடிகட்டியைப் போட்டதும் மலிவு என்று மேலே நின்ற டிக்கெட் கீழே இறங்குவதைப் பார்க்கலாம்.

ஸ்கைஸ்கேனரின் ‘எவ்ரிவேர்’ பட்டியலும் மாத நாள்காட்டியும் யோசனை கிளப்புவதற்கு நல்லவை. விலைக்கு நம்ப முடியாது. அங்கே தெரிவது அந்த நொடியின் விலை இல்லை, அண்மையில் வேறு யாரோ தேடியபோது கிடைத்த விலை. எனவே மலிவு என்று பச்சையாக மின்னும் நாளைப் பார்த்து மனக்கணக்குப் போடாமல், குறிப்பிட்ட தேதிக்குள் நுழைந்து விலை புதுப்பிக்கப்படும்வரை காத்திருங்கள். பிறகு விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய் அதே விமானத்தை வாங்குங்கள். பத்து யூரோ குறைவு என்று பெயர் தெரியாத முகவரிடம் வாங்கினால், நேரம் மாறினாலோ விமானம் ரத்தானாலோ ‘முகவரிடம் கேளுங்கள்’, ‘நிறுவனத்திடம் கேளுங்கள்’ என்று பந்தாடப்படுவீர்கள். நாலு நாளில் கிளம்புகிறவருக்கு அதற்கு நேரம் கிடையாது. விலை குறைந்தால் மின்னஞ்சல் அனுப்பும் வசதியும் இந்த அவசரத்துக்கு உதவாது. அது மூன்று மாதம் முன்பே திட்டமிடுகிறவர்களுக்கு.

போவதும் வருவதும் ஒரே நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. சிக்கன நிறுவனங்கள் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாகத்தான் விலை வைக்கின்றன. ரையன்ஏரில் போய் ஈஸிஜெட்டில் திரும்பினால் அபராதம் எதுவும் இல்லை. இன்னும் ஒரு படி மேலே போய், ஏதென்ஸில் இறங்கி மைக்கோனோஸிலோ சாண்டோரினியிலோ ஏறித் திரும்புவதும் நல்ல வழி. நக்ஸோஸிலிருந்து மைக்கோனோஸ் அதிவேகக் கப்பலில் ஒரு மணி நேரத்துக்குள்ளும், சாண்டோரினி ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள்ளும் வந்துவிடும். ஆனால் இந்த இரண்டு தீவுகளுக்கும் பிற நாடுகளிலிருந்து வரும் நேரடி விமானங்களில் பெரும்பாலானவை ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். ஏதென்ஸுக்கு ஆண்டு முழுக்க உண்டு.

பையின் அளவில்தான் மலிவுப் பயணம் பலருக்குக் கசந்துபோகிறது. ரையன்ஏர், விஸ் ஏர் இரண்டிலும் இலவசப் பை 40×30×20 சென்டிமீட்டர். ஈஸிஜெட்டில் 45×36×20, சக்கரமும் கைப்பிடியும் அதற்குள் அடக்கம். ரையன்ஏரில் இருக்கைக்குக் காசு கட்டாதவர்களுக்கு இணையச் செக்-இன் 24 மணி நேரம் முன்புதான் திறக்கும், 2 மணி நேரம் முன்பு மூடிவிடும். தவறவிட்டு விமான நிலையத்தில் செய்தால் 55 யூரோ வரை கட்டணம், அதாவது பல சமயம் டிக்கெட்டைவிட அதிகம். ஐரோப்பியக் கடவுச்சீட்டு இல்லாதவர்கள் அந்த நிறுவனத்தின் ஆவணச் சரிபார்ப்பு மேசைக்கும் போயாக வேண்டும், பாதுகாப்புச் சோதனைக்குள் நுழைவதற்கு முன்பே. கைபேசியில் போர்டிங் பாஸ் இருக்கிறதே என்று நேராக உள்ளே போனவர்கள் வாயிலில் திருப்பி அனுப்பப்படுவதுண்டு. விசா தேவைப்படுகிறவர்களுக்கு, பலமுறை நுழையும் ஷெங்கன் விசாவோ (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) வதிவிட அனுமதியோ கையில் இருந்தால்தான் திடீர்ப் பயணம் என்ற பேச்சே.

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு இரண்டு வழி. மெட்ரோ மூன்றாம் பாதை 2022 அக்டோபர் முதல் பிரேயஸ் வரை நேராகப் போகிறது, 9 யூரோ, ஒரு மணி நேரம். எக்ஸ் 96 பேருந்து 5.50 யூரோ, இருபத்து நாலு மணி நேரமும் ஓடும், ஆனால் சாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். நக்ஸோஸுக்குப் பெரிய கப்பல் காலை ஏழரை வாக்கில் ஒன்று, கோடையில் மாலை ஐந்தரை வாக்கில் இன்னொன்று என்று கணக்கு வையுங்கள். பயணம் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். மதியம் ஒரு மணிக்குள் தரையிறங்கும் விமானம் என்றால் மாலைக் கப்பலுக்குப் பதற்றமில்லாமல் போய்ச் சேரலாம். நள்ளிரவு விமானம் என்றால் இன்னும் மலிவு, காலைக் கப்பல் காத்திருக்கும். இந்த இடைவெளியை எந்தத் தேடல் தளமும் கணக்குப் போட்டுத் தராது. கப்பல் நேரத்தை ஃபெரிஹாப்பர் போன்ற தளத்தில் பார்த்துவிட்டு, அதற்கேற்ற விமானத்தைத் தேடுவதுதான் சரியான வரிசை. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அதிவேகக் கப்பல் மூன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய்விடும், ஆனால் விலை பல சமயம் இரு மடங்கை நெருங்கும். பெரும்பாலும் வெளித்தளத்தில் நின்று கடல் பார்க்க முடியாது, அலை இருந்தால் குலுக்கி எடுக்கும். பெரிய கப்பலே மேல். அதில் எகானமி டிக்கெட்டுக்குக் குறிப்பிட்ட இருக்கை கிடையாது. ஏறியதும் உள்ளே ஓர் இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். சில யூரோ கூடுதலாகக் கொடுத்தால் எண்ணிட்ட இருக்கை கிடைக்கும். காலைக் கப்பலில் தூக்கம் வேண்டுமென்றால் அந்தக் காசு வீண் போகாது.

இறங்கும் முறை புதியவர்களைத் திணறடிக்கும். கீழே வண்டிகள் நிற்கும் தளத்தின் ஓரத்தில் இரும்புத் தட்டுகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் தீவின் பெயர்ப்பலகை. பெட்டியை உங்கள் தீவின் தட்டில் வைத்துவிட்டு மேலே போகிறீர்கள். இறங்க வேண்டிய துறைமுகம் நெருங்கும்போது அறிவிப்பு வரும். உடனே கீழே இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். டீசல் வாசனை, லாரிகள் இயந்திரத்தை முடுக்கும் சத்தம், சங்கிலி உரசும் ஒலி; கப்பல் முழுதாக நிற்பதற்கு முன்பே பின்பக்க இரும்புப் பாலம் தாழத் தொடங்கி, இருட்டுக்குள் வெயில் பட்டையாக விழும். நிற்பது சில நிமிடங்கள்தான். பெரும்பாலான கப்பல்கள் நக்ஸோஸுக்கு முன் பாரோஸில் நிற்கும். கூட்டம் இறங்குகிறதே என்று கூடவே இறங்கிவிடாதீர்கள்.

தீவில் இறங்கியதும் கண்ணில் படுவது போர்த்தாரா. கி.மு. 530 வாக்கில் தொடங்கி முடிக்கப்படாமல் நின்றுபோன அப்போலோ கோயிலின் சலவைக்கல் வாயில் அது. கோயில் இல்லை, நிலைவாசல் மட்டும் ஆறு மீட்டர் உயரத்தில் வானத்தைச் சட்டமிட்டு நிற்கிறது. அனுமதிக் கட்டணம் இல்லை. மாலையில் எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். கூட்டமில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் காலைக் கப்பல் வருவதற்கு முன் போங்கள். வடக்குக் காற்று பலமாக இருந்தால் அங்கே போகும் தாம்போதியின் மேல் அலை ஏறி அடிக்கும். செருப்பு நனையும், கேமரா பத்திரம்.

பேருந்து நிலையம் கப்பல் துறைக்கு எதிரிலேயே இருக்கிறது. அகியோஸ் ப்ரோகோபியோஸ், அகியா அன்னா, ப்லாகா கடற்கரைகளுக்குக் கோடையில் அடிக்கடி பேருந்து உண்டு. கடற்கரை மட்டும் போதுமென்றால் வண்டி வாடகைக்கு எடுக்க வேண்டியதே இல்லை. மலைக்கிராமங்களுக்கு ஒரு நாளில் சில தடவைதான் பேருந்து போகும், பருவம் முடிந்தால் இன்னும் குறையும். எனவே மூன்று நாள் பயணத்தில் ஒரு நாள் மட்டும் கார் எடுத்து, அந்த நாளில் ஹல்கி, பிலோத்தி, அபீரந்தோஸ், வடமுனை அப்போலோனாஸ் என்று ஒரு சுற்று வருவதுதான் காசுக்கும் நேரத்துக்கும் ஏற்றது. ஹல்கியில் 1896ல் தொடங்கிய வல்லிந்த்ராஸ் வடிசாலையில், நார்த்தை இனத்து மரமொன்றின் இலையிலிருந்து ‘கீத்ரோன்’ என்ற மதுவை வடிக்கிறார்கள். பச்சை இனிப்பானது, மஞ்சள் காட்டமானது. ஓட்டுகிறவர் புட்டியை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் குடிக்கட்டும். அபீரந்தோஸின் தெருக்களில் சலவைக்கல் பாவியிருக்கும், மழை பெய்தால் வழுக்கும். அப்போலோனாஸில் பழைய கல்குவாரியில் 10.7 மீட்டர் நீளச் சிலை ஒன்று செதுக்கி முடிக்கப்படாமல் மல்லாந்து கிடக்கிறது. வேலியும் கட்டணமும் இல்லாமல் இவ்வளவு அருகே நின்று, உளி பட்ட தடத்தைப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். அந்தச் சாலை வளைவுகள் நிறைந்தது, வரைபடச் செயலி சொல்லும் நேரத்தோடு அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

நடக்கப் பிடித்தவர்கள் ஸாஸ் மலையை விட வேண்டாம். ஆயிரம் மீட்டரைத் தாண்டும், சைக்ளடீஸின் உச்சி அதுதான். அகியா மரீனா சிற்றாலயத்திலிருந்து தொடங்கும் பாதை எளிது. மலையில் உள்ள குகை வழியாகப் போகும் பாதை செங்குத்து, சரளைக்கல், இறங்கும்போது கால் வழுக்கும். நிழல் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், ஜூலை ஆகஸ்டில் காலை எட்டுக்குள் ஏறத் தொடங்கிவிட வேண்டும்.

அறை வாடகையில் ஒளிந்திருக்கும் ஒரு செலவு: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அரசின் பருவநிலைக் கட்டணம். 2025 விகிதப்படி ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு இரண்டு நட்சத்திரம் வரை 2 யூரோ, மூன்றுக்கு 5, நான்குக்கு 10, ஐந்துக்கு 15. குறுகிய கால வாடகை வீட்டுக்குப் பொதுவாக 8. பதிவுத் தளத்தில் காட்டும் விலையில் இது பெரும்பாலும் சேராது, நேரில் கேட்பார்கள். நான்கு இரவுக்கு வாடகை வீடு என்றால் 32 யூரோ. இரண்டு நட்சத்திரத்துக்குள் வரும் சிறிய குடும்ப விடுதிதான் இங்கே ஜெயிக்கிறது.

கடைசியாக, திரும்பும் நாள். ஜூலை, ஆகஸ்டில் மெல்தேமி என்ற வடக்குக் காற்று நாட்கணக்கில் அடிக்கும். காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 8 தொட்டால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவைப்பது வழக்கம். அதிவேகக் கப்பல்கள் அதற்கு முன்பே நின்றுவிடும். கப்பல் ரத்தானால் அந்த டிக்கெட்டின் பணம் திரும்பும், அல்லது அடுத்த கப்பலில் இடம் கிடைக்கும். ஆனால் தனியாக வாங்கிய விமான டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. அதனால் விமானத்துக்கு முந்தின நாளே ஏதென்ஸ் வந்துவிடுங்கள். காற்று முன்னறிவிப்பு 7 என்று காட்டத் தொடங்கினால் இன்னும் ஒரு நாள் முன்னதாக, அதுவும் பெரிய கப்பலில்.