வயர் மெலியும் இடத்தில் எம்சிபி எங்கே? மூன்று வழிகள்

பல வீடுகளில் பார்க்கும் வயரிங் இது: டிபியில் (கரன்ட்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி) 20 ஆம்பியர் எம்சிபி (கரன்ட் மிஞ்சினால் தானே அணையும் ஸ்விட்ச்), அங்கிருந்து அறையின் ஸ்விட்ச் போர்டு வரை 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர். போர்டுக்குள் 1.5 ஸ்கொயர் பிரிந்து ஃபேன், லைட், கட்டில் பக்கத்துச் சாக்கெட் என்று போகிறது. அந்த 1.5-க்குக் காவல் யார்?

சுவருக்குள் பைப்பில் போகும் 1.5 ஸ்கொயர் பிவிசி காப்பர் வயர், ஐஇசி (சர்வதேச மின் தர அமைப்பு) அட்டவணைப்படி 30 டிகிரியில் 17.5 ஆம்பியர் தாங்கும். நம்ம ஊர் 40 டிகிரியில் 15-தான். 20 ஆம்பியர் எம்சிபியோ 22 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் சும்மா இருக்கலாம். 29 ஆம்பியர் போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் டிரிப் ஆகியே (தானே அணைந்தே) தீர வேண்டும். அதுவரை சூடு முழுக்க வயருக்கு.

முதல் வழி, டிபியிலேயே எம்சிபியை 10 ஆம்பியராகக் குறைப்பது. செலவு மிகக் குறைவு. ஆனால் மொத்த அறையும் 2300 வாட்டுக்குள் அடங்க வேண்டும். 2000 வாட் கீசரோடு அயர்ன் பாக்ஸையும் போட்டால் டிரிப் ஆகலாம். அப்புறம் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 'பெரிசா போடுங்க' என்பார். போட்ட வேலை வீண்.

இரண்டாவது, வயர் மெலியும் இடத்திலேயே தனிக் காவல். பழைய மரப் போர்டில் கிட்கேட் ஃபியூஸ் (பீங்கான் பிடியில் கட்டிய மெல்லிய கம்பி) செய்த வேலை இது. இப்போது மாடுலர் பிளேட்டில் பொருந்தும் சின்ன எம்சிபி கிடைக்கிறது. பிரிட்டனில் சாக்கெட்டுகளைச் சுற்றி வரும் 32 ஆம்பியர் வளைய வயரிங்கிலிருந்து மெல்லிய வயர் பிரித்தால் அந்தக் கிளைக்கு ஃபியூஸ் வைத்த பெட்டி (ஸ்பர் யூனிட்) போடுவதும் இதே கணக்குத்தான். சுவரை உடைக்காமல் சரிசெய்ய வேண்டுமென்றால் என் ஓட்டு இதற்கே.

மூன்றாவது, ஒன்றும் செய்யாமல் விடுவது. கேட்டால் பகீர் என்றிருக்கும், ஆனால் ஐஇசி விதியே ஓரளவு இடம் தருகிறது. 75 வாட் ஃபேனால் ஓவர்லோடு வராது. ஷார்ட் சர்க்யூட்டை மட்டும் சமாளித்தால் போதும். சி டைப் என்ற வகை 20 ஆம்பியர் எம்சிபி, 200 ஆம்பியர் பாய்ந்தால் 0.1 நொடிக்குள் அறுக்கும். வயரில் ஏறும் சூட்டுக்கு ஒரு கணக்கு: 200-ஐ வர்க்கப்படுத்தி 0.1-ஆல் பெருக்கினால் 4000, அதே கணக்கில் 1.5 ஸ்கொயர் தாங்குவது சுமார் 29,750. அந்த 200 ஆம்பியருக்குத் தாராளம். ஆனால் அதே வயரில் ஒரு சாக்கெட் தொங்கினாலும் இந்தச் சலுகை செல்லாது. அதில் யார் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செருகி என்ன ஓட்டுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

புது வீடா? இந்தத் தலைவலியே வேண்டாம். லைட், ஃபேனுக்கு டிபியிலிருந்தே தனி 1.5, 10 ஆம்பியர் எம்சிபி. சாக்கெட்டுக்குத் தனி 2.5. வயர் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

பழைய வீட்டில் எதையும் மாற்றும் முன் மெயினை அணைத்து, போர்டைக் கழற்றி, இன்சுலேஷன் மேல் அச்சிட்ட அளவைப் படியுங்கள். பல இடங்களில் 1.5 என்று நினைத்தது 1 ஸ்கொயராக இருக்கும். அதற்கு 6 ஆம்பியர் எம்சிபி போடுங்கள்.